பதினான்கு குழிகளும் ஓர் உலாவியும்

அப்பா ஓய்வுபெற்று நாங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அம்மா வேப்பமரத்துக்காகவும் கருவேப்பிலைச் செடிக்காகவும் அதிகம் வருத்தப்படவில்லை. மதியம் இரண்டரை மணிக்கு எங்கள் வராந்தாவில் கூடும் நான்கு பெண்களுக்காகத்தான் வருத்தப்பட்டார். இருபது வருடங்களுக்கு மேல் அந்த நால்வரும் முறைவைத்துப் பல்லாங்குழி ஆடினார்கள். கணவன்மார்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற, வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒருவர் பண்ருட்டிக்குப் போனார், ஒருவர் தாம்பரத்துக்கு. ஒருவர் மகனோடு சார்ஜாவுக்கு. அம்மா கடலூரில். டவுன்ஷிப் வீடு வேலைபார்க்கும் ஆணின் பெயரில் கொடுக்கப்படுவது; அந்த வீட்டு வாசலில் வளர்ந்த நட்பை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதிவைப்பதில்லை.

ஒருநாள் அம்மா கேட்டார்: "நீ கம்ப்யூட்டர்லதானடி வேல பாக்குற. நாங்க நாலு பேரும் அங்கங்க இருந்தே ஆடுற மாதிரி ஒண்ணு செஞ்சு குடேன்."

எதை வைத்துச் செய்வது என்று அலுவலகத்தில் கேட்டேன். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒருவர் யூனிட்டி என்றார், ஒருவர் ஃபேசர் என்றார், ஒருவர் வெப்சாக்கெட் இல்லாமல் ஆன்லைன் விளையாட்டே கிடையாது என்றார். யார் ஆடப்போகிறார்கள், அவர்கள் கையில் இருப்பது என்ன ஃபோன், எப்போது ஆடுவார்கள், ஃபோன் உண்மையில் யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. இந்தக் கேள்விகள் கேட்கப்படாமலே போனதற்கு ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதிக்குள் நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

2003 வாக்கில் எங்கள் பிளாக்கிலிருந்து சைக்கிளில் போகும் தொலைவில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மணிக்கு 20 ரூபாய். மரத்தட்டிகளால் பிரித்த அறைகளில் பையன்கள் பள்ளிக்கூடம் விட்டதும் நிறைந்துவிடுவார்கள். நாங்கள் தேர்வு முடிவு பார்க்க மட்டும், அதுவும் இரண்டு பேராகப் போகலாம். அப்படிப் போன ஒரு நாளில்தான் யாகூவில் செஸ் ஆடினோம். அப்போது யாகூவின் விளையாட்டுகள் ஜாவா ஆப்லெட்களாக இருந்தன. சாம்பல் நிறப் பெட்டி ஒன்று திரையில் வரும். அது நிரம்புவதற்குள் பத்து நிமிடம் போய்விடும், அதாவது மூன்று ரூபாய்க்கு மேல். பெண் பெயரில் உள்ளே நுழைந்தால் குதிரையை நகர்த்துவதற்கு முன்பே வயது என்ன, ஊர் எது என்று அரட்டைப் பெட்டியில் கேள்விகள் விழும். தோழி எங்களுக்கு ஆண் பெயர் ஒன்று வைத்தாள். அதற்குப் பிறகுதான் எங்களால் நிம்மதியாகத் தோற்க முடிந்தது.

ஆட்டமும் அரட்டையும் ஒரே சன்னலில் இருக்கவேண்டும் என்று யாரோ எங்கேயோ முடிவுசெய்திருந்தார்கள். அப்போது அது எனக்கு இயற்கை விதிபோலத் தோன்றியது. அது இயற்கையல்ல என்று காட்டிய சம்பவம் உலாவிகள் பரவுவதற்கு முன்பே நடந்துவிட்டது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்டிஸ் 1990இல் தொடங்கிய லாம்டாமூ முழுக்க எழுத்தாலான இணைய உலகம். அதில் ஒரு பயனர் 'வூடு பொம்மை' என்ற சிறு நிரலைப் பயன்படுத்தி, மற்றவர்களின் பாத்திரங்கள் தாமே செய்வதுபோல் வன்முறையான பாலியல் செயல்களை எல்லோர் திரையிலும் எழுத வைத்தார். 1993 டிசம்பரில் ஜூலியன் டிபெல் இதை 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதினார். வெறும் எழுத்துதானே என்றவர்களும் இருந்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் கண்ணீர் வெறும் எழுத்தாக இல்லை. அந்தத் தீமைக்கு ஆளின் குணம் ஒரு பாதிக் காரணம். ஒருவரின் பாத்திரத்தை இன்னொருவரின் நிரல் இயக்கலாம் என்று கட்டமைப்பே அனுமதித்தது மறுபாதி. சம்பவத்துக்குப் பிறகு லாம்டாமூவில் மனு, வாக்கெடுப்பு என்று ஓர் ஆட்சிமுறையே உருவானது.

2005இல் தொடங்கிய கிளப் பெங்குவின் சிறுவர் விளையாட்டு வேறொரு வழியைக் கண்டது. அதில் பெற்றோர் விரும்பினால், முன்பே எழுதிவைத்த வாக்கியங்களிலிருந்து தேர்ந்து மட்டுமே குழந்தை பேசமுடியும்படி வைக்க முடிந்தது. சர்வர் எழுதுபவர் தட்டச்சுப் பெட்டியை வைப்பதா, பட்டியலை வைப்பதா என்று எடுக்கும் முடிவு, ஒரு பெண் அந்த இடத்தில் தன் பெயரோடு நிற்க முடியுமா என்ற முடிவாகவும் ஆகிவிடுகிறது.

2005இல் எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது. அண்ணனின் பொறியியல் படிப்புக்காக என்று சொல்லி வாங்கியது. கடவுச்சொல்லை வைத்துக்கொண்டது அவன். பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் திட்டத்தில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை கணக்கின்றித் தரவிறக்கலாம். அந்த நேரத்தில் அவன் பெரிய பெரிய விளையாட்டுகளை இறக்கி நிறுவிக்கொள்வான். எனக்கு எதையும் நிறுவ அனுமதி கிடையாது, "வைரஸ் வந்துடும்" என்பான். ஆனால் உலாவியைத் திறக்க யாரையும் கேட்கவேண்டியதில்லை. அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் காலை நேரம், அண்ணன் கல்லூரியிலிருந்து வரும்வரை உள்ள ஒரு மணி நேரம், அம்மா "வந்து வெங்காயம் உரி" என்று கூப்பிடும்வரை உள்ள பத்து நிமிடம். அந்த இடுக்குகளில் நுழையக்கூடிய விளையாட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது: ஃபிளாஷ் விளையாட்டு. காலடி ஓசை கேட்டால் சன்னலை மூடிவிடலாம். கணினியில் எந்த ஐகானும் மிஞ்சாது.

ஃபிளாஷ் பிறந்தது விளையாட்டுக்காக அல்ல. சான் டியாகோவில் ஃபியூச்சர்வேவ் என்ற சிறிய நிறுவனம், பேனாவால் இயங்கும் கணினிக்கு ஓவிய மென்பொருள் செய்தது. ஜோனதன் கே நிரல் எழுதினார்; மிஷெல் வெல்ஷ் என்ற பெண் சந்தைப் பொறுப்பில் இருந்தார். அந்த ஓவியக் கருவிதான் அசையும் படமாக வளர்ந்து 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்று வெளிவந்தது. அதே ஆண்டின் முடிவில் மேக்ரோமீடியா வாங்கியது, பெயர் ஃபிளாஷ் ஆனது. 2005இல் அடோபி கைக்குப் போனது. கோடுகளைப் புள்ளிகளாக அல்லாமல் வடிவியல் கணக்காகச் சேமித்ததால் கோப்புகள் சிறியவை. மெதுவான இணைப்பிலும் ஓடும். எல்லா உலாவியிலும் ஒன்றுபோலத் தெரியும். படம் வரையத் தெரிந்தவர் கொஞ்சம் நிரல் கற்று முழு விளையாட்டையே தனியாகச் செய்துவிடலாம். ஒரு தலைமுறை விளையாட்டுக் கலைஞர்கள் அப்படித்தான் உருவானார்கள்.

அதில் நான் ஆடியது என்ன? பொம்மைக்கு உடை மாட்டுவது, மணப்பெண் அலங்காரம், பீட்சா சுட்டு அடுக்குவது. 'பாப்பாஸ் பீட்சேரியா' 2007இல் வந்தது. அதில் நான் சுட்டதில் கால்வாசிகூட நிஜ அடுப்பில் தோசை சுட்டதில்லை. சமையலறையிலிருந்து தப்பி வந்தவளுக்குத் திரையில் இன்னொரு சமையலறை. இதைப் பெண்ணியப் பார்வையில் கண்டிப்பது எளிது, நானும் கல்லூரியில் கண்டித்திருக்கிறேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. திரைச் சமையலறையில் யாரும் என்னைக் கூப்பிட்டு வேலை ஏவவில்லை. கருகினால் திட்டவில்லை. வேண்டாம் என்றால் மூடிவிடலாம். அம்மாவுக்கு அந்த வசதி இருந்ததில்லை.

வேறு சாத்தியங்களும் அப்போதே இருந்தன. 1999இல் இங்கிலாந்தில் டோனா வில்லியம்ஸும் ஆடம் பவலும் தொடங்கிய நியோபெட்ஸ் என்ற உலாவி விளையாட்டில் வளர்ப்புப் பிராணிக்கும் கடைக்கும் தனிப்பக்கம் அமைத்துக்கொள்ளலாம்; அதற்கு ஹெச்டிஎம்எல் எழுதவேண்டும். அதை அலங்கரிக்கப் போய் நிரல் கற்று, பிறகு அதையே தொழிலாகக் கொண்ட பெண்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஃபிளாஷ் விளையாட்டு மூடிய டப்பா. உள்ளே என்ன இருக்கிறது என்று ஆடுபவருக்குத் தெரியாது. வலைப்பக்கத்திலோ 'மூலத்தைக் காண்க' என்று சொடுக்கினால் அடுப்படி முழுவதும் தெரியும். நான் அந்த விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.

2009 ஜூனில் ஜிங்கா நிறுவனம் ஃபார்ம்வில்லை வெளியிட்டது. ஃபேஸ்புக்குக்குள், ஃபிளாஷில் ஓடிய விவசாய விளையாட்டு. எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளியிருந்த அக்கா அதற்கு அடிமையானார். நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்கள் நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் பெயர்போனவை. 1956இல் நிறுவனம் தொடங்கி, 1962இல் சோவியத் உதவியோடு மின்சாரம் வரத் தொடங்கியதிலிருந்து, சுரங்கம் விரிய விரிய அந்த மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பு நிலக்கரிக்குக் கூரையாகிப் பிறகு இல்லாமல் போனது. அக்கா கடலைக்காட்டில் வளர்ந்தவர். திரையில் விதைத்துக்கொண்டே, "இதுல களை எடுக்கற வேல இல்ல பாரு" என்பார்.

ஆனால் அந்த விளையாட்டு வேறொன்றைப் பறித்தது. விதைத்த நேரம் சர்வரில் பதிவாகும். ஸ்ட்ராபெர்ரி நான்கு மணி நேரத்தில் விளையும். நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் வாடிவிடும். ஃபிளாஷ் என்ற பூச்சுக்குப் பின்னால் உண்மையான விளையாட்டு அந்த சர்வர் கடிகாரம்தான். ஷிஃப்ட் சங்குக்கும் பால் குக்கருக்கும் பள்ளிக்கூட ஆட்டோவுக்கும் ஏற்கெனவே பங்குபோடப்பட்ட ஒரு பெண்ணின் நாளில் இன்னொரு சங்கு சேர்ந்தது. அக்கா அலாரம் வைத்து எழுந்து ஸ்ட்ராபெர்ரி அறுத்திருக்கிறார். சொன்னால் சிரிப்பார், அடுத்த நாளும் எழுவார்.

2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐஃபோனில் ஃபிளாஷ் ஏன் கிடையாது என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். மின்கலத்தைத் தின்கிறது, பாதுகாப்பில் ஓட்டை, ஒரே நிறுவனத்தின் உடைமை என்ற அவரது குறைகள் பொய்யல்ல. தன் செயலிக் கடையைப் பற்றி அவர் சொல்லாமல் விட்டதும் பொய்யாகிவிடாது. உலாவிகளுக்குள்ளேயே மாற்றுகள் வளர்ந்தன. ஹெச்டிஎம்எல் 5இன் கேன்வாஸ் வந்தது. 2011இல் முப்பரிமாணத்துக்கு வெப்ஜிஎல், அதே ஆண்டு டிசம்பரில் சர்வரோடு ஓயாமல் பேச வெப்சாக்கெட் தரநிலை, 2017இல் வெப்அசெம்பிளி. அதே 2017 ஜூலையில் அடோபி ஃபிளாஷுக்கு நாள் குறித்தது. 2020 டிசம்பர் 31 அன்று அது முடிந்தது. ஃபார்ம்வில்லும் அதே நாளில் மூடப்பட்டது.

அப்போது எழுதப்பட்ட இரங்கல் கட்டுரைகள் பலவற்றை வாசித்தேன். சண்டை விளையாட்டுகள், புதிர்கள், கேலிச்சித்திரங்கள் எல்லாம் பேர் சொல்லி நினைக்கப்பட்டன. உடை மாட்டும் விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் ஒரு வரி, அதுவும் நக்கலாக. கோடிக்கணக்கான சிறுமிகள் ஆடியவற்றைச் செய்தவர்களின் பெயர்கள்கூடப் பலவற்றில் கிடையாது. ஃபிளாஷ்பாயிண்ட் என்ற தன்னார்வத் திட்டம் வலையின் பழைய விளையாட்டுகளைச் சேமிக்கிறது. ரஃபிள் என்ற கட்டற்ற மென்பொருள் வெப்அசெம்பிளியின் உதவியால் பழைய ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய உலாவியில் ஓடவைக்கிறது. அதில் ஒருநாள் என் மணப்பெண் அலங்காரத்தைத் தேடிப்போனேன். ஏறத்தாழ அதேபோல் நூற்றுக்கணக்கில் இருந்தன. என்னுடையது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

எளிய கருவியை ஏளனம் செய்வது இன்னும் கடுமையாகவும் நடந்திருக்கிறது. கிறிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்ட ட்வைன், கிளைவிடும் கதைகளை ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாக உருவாக்கித் தரும். நிரல் தெரியவேண்டாம், காசு வேண்டாம். ஆண்மையின் கோட்டைக்கு வெளியே நின்ற பலர் அதில் தங்கள் உடலை, நோயை, காதலை விளையாட்டாக எழுதினார்கள். ஸோயி குவின் இருவரோடு சேர்ந்து 2013இல் உருவாக்கிய 'டிப்ரெஷன் குவெஸ்ட்' அப்படிப்பட்டது. இது விளையாட்டே அல்ல என்று தொடங்கிய முணுமுணுப்பு அடுத்த ஆண்டு கேமர்கேட் என்ற வெறுப்புப் படையெடுப்பாக மாறியபோது அவர் வீட்டைவிட்டே வெளியேற வேண்டியிருந்தது. எந்தக் கருவியில் செய்தாய் என்ற கேள்விக்குள், இங்கே வர உனக்கு யார் அனுமதி கொடுத்தது என்ற கேள்வியும் இருந்தது.

வலையின் தொடக்கத்திலேயே இதற்கு நேரெதிரான ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. அதைச் செயலாக்கியவர் ஒரு மாணவி. 1990இல் டிம் பெர்னர்ஸ்-லீயின் முதல் உலாவி நெக்ஸ்ட் என்ற விலையுயர்ந்த கணினியில் மட்டுமே ஓடியது. செர்ன் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்த கணித மாணவி நிக்கோலா பெல்லோ, எந்த முனையத்திலும் ஓடக்கூடிய 'லைன் மோட்' உலாவியை எழுதினார். படம் இல்லை, சுட்டி இல்லை. இணைப்புகளுக்கு எண்கள் இருக்கும். எண்ணைத் தட்டினால் அந்தப் பக்கம் வரும். அழகில் தோற்றுப்போன உலாவிதான். ஆனால் கையில் என்ன கருவி இருக்கிறதோ அதிலேயே வலை வரும் என்பதை முதலில் உண்மையாக்கியது அது. அம்மாவின் விளையாட்டை யோசித்தபோதெல்லாம் எனக்கு பெல்லோவின் நினைவுதான் வந்தது.

முதலில் யூனிட்டியை வைத்துத்தான் முயன்றேன், மறைப்பதற்கில்லை. மரப்பலகை, வெயில், நிழல், உருளும் புளியங்கொட்டை. அலுவலகத்தில் எல்லோரும் மெச்சினார்கள். அம்மாவின் ஃபோன் அண்ணன் மாற்றிய பழைய ஃபோன். ஒன்றுமில்லாத காட்சிக்கே பல மெகாபைட் இறங்கவேண்டியிருந்ததில் பாதியிலேயே உலாவி கைவிரித்தது. கைபேசி உலாவிகளுக்கு உத்தரவாதம் இல்லை என்று அந்த நிறுவனமே நெடுங்காலம் எச்சரித்துவந்ததை நான் படித்திருக்கவேண்டும். அதைவிட வலித்தது எழுத்து. யூனிட்டியின் எழுத்துக்கருவி அப்போது தமிழின் உயிர்மெய்களைச் சேர்த்துக் கோர்க்கவில்லை. 'கொட்டை' என்பதில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் கிடந்தன. பிரவுசிங் சென்டர் காலத்தில் விண்டோஸ் எக்ஸ்பியில் சிக்கலெழுத்து ஆதரவைத் தனியே நிறுவாவிட்டால் யூனிகோட் தமிழ் இப்படித்தான் சிதறும். இருபது வருடம் கழித்து, அதைவிட ஆயிரம் மடங்கு பெரிய கருவியில், அதே சிதறல்.

உலாவிக்கோ தமிழ் எழுதத் தெரியும். அதனால் கேன்வாஸையும் விட்டேன். அதில் எழுத்து ஒழுங்காக வந்தாலும் திரையில் இருப்பது வெறும் படம்தான். கண்ணாடி தேடும் பெண்கள் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் இணங்கவேண்டும். ஆகவே குழிகள் பதினான்கும் பதினான்கு ஹெச்டிஎம்எல் பொத்தான்கள். காய்கள் எஸ்விஜி வட்டங்கள். வெப்சாக்கெட்டும் வேண்டாம் என்று முடிவுசெய்தேன். ஓயாத இணைப்பு என்றால் இருவரும் ஒரே நேரத்தில் திரைமுன் உட்காரவேண்டும்; பாதியில் பால் பொங்கினால் ஆட்டம் அறுந்துவிடும். இதில் ஒருவர் ஆடிவைத்தால் சர்வரில் ஒரு வரி பதியும். மற்றவர் எப்போது திறக்கிறாரோ அப்போது அவர் முறை. கடிகாரம் இல்லை, எதுவும் வாடாது. ஆளுக்கொரு இணைப்பு, வாட்ஸாப்பில். பக்கம் முழுவதும் சேர்ந்து ஒரு நல்ல புகைப்படத்தைவிடச் சிறியது.

அரட்டையை மட்டும் யோசித்து யோசித்து கிளப் பெங்குவின் வழியில் போனேன்: 'நல்லா ஆடுறீங்க', 'சீக்கிரம் ஆடுங்க' என்று ஆறு வாக்கியங்கள். பெண்களைக் காக்கும் வடிவமைப்பு என்று எனக்குள் கொஞ்சம் பெருமை. பண்ருட்டி அத்தை முதல் நாளே ஃபோனில் கூப்பிட்டார். "என்னாடி இது, வாயக் கட்டிப் போட்டுட்டு பல்லாங்குழி ஆடச் சொல்ற?" அவர்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள். எனக்கு 2003இல் தேவைப்பட்ட காப்பு அவர்களுக்குத் தேவையில்லை. ஆறு வாக்கியங்களை எடுத்துவிட்டுக் குரல்பதிவுக்கு ஒரு பொத்தான் வைத்தேன். அதற்கு சர்வரில் இடம் ஆட்டத்தைவிடப் பலமடங்கு போகிறது.

உண்மையான சண்டை விதிகளில் வந்தது. ஆன்லைன் விளையாட்டின் பாலபாடம், ஆடுபவரின் கருவியை நம்பாதே, விதியை சர்வரில் வை என்பது. அப்படியென்றால் விதியை எழுதவேண்டும். குழிக்கு ஐந்து காய். எடுத்து ஒவ்வொன்றாக இட்டுப்போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரவேண்டும். அடுத்தது வெறுங்குழியானால் அதற்கடுத்ததைத் துடைத்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பசுவை இட்டவர் எடுப்பதா, குழிக்காரர் எடுப்பதா என்று கேட்டதும் நான்கு பேரும் நான்கு ஊரின் ஆட்டம் ஆடிவந்தது தெரிந்தது. தாம்பரம் பெரியம்மா தன் பாட்டியிடம் கற்றதைச் சொன்னார். வயதுக்கு வந்து தனியே உட்காரவைத்த பதினாறு நாளும் அதைத்தான் ஆடினாராம். அம்மா வளைகாப்புக்கு வந்த பலகையில் கற்றவர். வராந்தாவில் யார் பலகையோ அவர் விதி என்று இருபது வருடம் ஓட்டியிருக்கிறார்கள். பெண்களின் விளையாட்டை யாரும் எழுதிவைக்காததால் அதற்கு இப்படி நெகிழ்வு இருந்தது. எழுதும் நான் ஒன்றைத் தேர்ந்து மற்ற மூன்றை அழிக்கப் பார்த்தேன்.

ஒரு வாரம் நிரலைப் பிரித்துப் போட்டேன். இப்போது ஆட்டம் தொடங்குபவர் முதலில் 'யார் பலகை?' என்று தேர்வுசெய்யவேண்டும். பண்ருட்டி, தாம்பரம், கடலூர், சார்ஜா என்று நான்கு பலகைகள். ஒவ்வொன்றின் விதியும் அதன் உரிமையாளர் சொன்ன சொற்களிலேயே கீழே எழுதியிருக்கிறது. சார்ஜா சித்தியின் பலகையில் ஒரு விதி எனக்கு இன்னும் புரியவில்லை, அவர் தோற்கும்போது மட்டும் அது மாறுகிறது என்கிறார் அம்மா. போன வெள்ளிக்கிழமை தொடங்கிய ஆட்டம் அப்படியே நிற்கிறது. சித்தியின் மருமகளுக்குப் பிரசவம், அவர் முறை, நான்கு நாளாகத் திறக்கவில்லை. அம்மா தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடிவைக்கிறார்.